தப்பால் வீட்டுக்கு வரலாறு எழுதப் போனேன்

எனக்கு வரலாறு தெரியும் என்று என் மைத்துனன் கதிரேசனிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் நானே சொல்லியிருக்கலாம். லால்குடிப் பக்கத்தில் முப்பத்து நான்கு வருடம் தபால் துறையில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு பழைய முத்திரைகள், தபால் ஓட்டக்காரர்கள் என்று சிறுபத்திரிகைகளில் நாலைந்து கட்டுரை எழுதினேன். அவற்றை முழுக்கப் படித்தவர் பிழை திருத்தியவர் ஒருவர்தான். என் மனைவி பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

கதிரேசன் என் மனைவியின் சித்தப்பா மகன். மூன்று தலைமுறைக்கு முன் இலங்கைக்குப் போய் ஹட்டன் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். பொகவந்தலாவைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று பாதைகள் சேரும் இடத்தில் பாழடைந்து கிடந்த பழைய தபால் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, செப்பனிட்டு, தங்கும் விடுதியாக மாற்றியிருந்தான். திறப்பு விழாவுக்கு முன் வாசலில் ஒரு வரலாற்றுப் பலகை வைக்க வேண்டுமாம்.

"அத்தான், நீங்க தபால் ஆளு. எழுத்தாளரு வேற. வந்து நாலு நாள் இருந்து எழுதிக் குடுங்க" என்றான் போனில். 'எழுத்தாளர்' என்று காதில் விழுந்ததுமே நான் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னொண்ணு அத்தான். வீட்டுக்குப் பின்னால இருக்கிறதுக்கு சண்டைமலைன்னு பேரு. ராஜா படைக்கும் வெள்ளைக்காரனுக்கும் அங்க யுத்தம் நடந்திருக்கணும். போர்க்களத்துப் பக்கத்து விடுதின்னு போட்டா வெளிநாட்டுக்காரங்க விழுந்தடிச்சு வருவாங்க."

"கட்டாயம் நடந்திருக்கும்" என்றேன். அப்போது நான் அந்த மலையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

முதல் நாளே என் கண்ணாடி போயிற்று. கொழும்பில் ஏறிய ரயில் றொசல்ல என்ற சின்ன நிலையத்தில் எதிர் வண்டிக்காகக் காத்து நின்றது. சுற்றிலும் தேயிலை, நடுவே ஒரு நடைமேடை, மஞ்சள் பூசிய ஒரு சிறு கட்டடம். கூடையோடு ஒருவர் "வடே, வடே" என்று கூவிக்கொண்டு ஏறினார். நான் சைவம். வடை என்றால் அதில் அதிகபட்சம் ஒரு மிளகு இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன். கடிக்கப் போகும்போதுதான் வடையின் நடுவிலிருந்து தலையும் மீசையுமாக ஓர் இறால் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். பதறிப்போய் ஜன்னலுக்கு வெளியே வீசக் குனிந்ததில், சட்டைப் பையிலிருந்த வாசிப்புக் கண்ணாடியும் கூடவே போய்த் தண்டவாளத்தில் விழுந்தது. வண்டியும் நகர்ந்துவிட்டது.

எதிர் இருக்கையில் இருந்த சிங்களப் பெண்மணி ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்திலிருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். "எறாலப் பார்த்ததுக்கே கண்ணாடிய வீசிட்டாரு, இன்னும் மலையெல்லாம் பார்த்தா என்னத்த வீசுவாரோன்னு கேக்குறாங்க" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

ஹட்டனில் இறங்கியதும் வேறு கண்ணாடி வாங்கியிருக்கலாம். ஆனால் ஸ்டேஷனுக்கு வந்த கதிரேசன், கூட வந்த நண்பர்களிடம் "இந்தியாவுல இருந்து வந்திருக்க வரலாற்று ஆய்வாளர்" என்று அறிமுகப்படுத்தினான். ஆய்வாளர் வந்த முதல் வேலையாகக் கண்ணாடிக் கடையைத் தேடினால் மரியாதையாக இருக்காது என்று பேசாமல் இருந்துவிட்டேன். படிப்பதற்குத்தானே கண்ணாடி வேண்டும், நான் எழுதத்தானே வந்திருக்கிறேன் என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

தோட்டத்துப் பாதையில் பஸ் போன விதத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊர் மினி பஸ் டிரைவர்களை நான் இத்தனை வருடமாகத் திட்டியிருக்கிறேன். அவர்கள் எல்லோரிடமும் இங்கிருந்தே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடித்தார், நான் கண்ணை மூடினேன்.

தபாலை அந்த ஊரில் தப்பால் என்கிறார்கள். வீட்டுக்கும் தப்பால் வீடு என்றே பெயர். கருங்கல் சுவரில் இரண்டு பெரிய அறைகள், தகரக் கூரை, முன்பக்கம் நீளமான வராந்தா. ஒரு காலத்தில் ஹட்டனிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர் இங்கே இளைப்பாற, மேல்தோட்டத்து ஆட்கள் தங்கள் பைகளை மாற்றிக்கொண்டு போவார்களாம். வராந்தாச் சுவரில் கதவில்லாத ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தது. பன்னிரண்டு கண்ணறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். வீட்டைச் செப்பனிட்ட காலத்தில் அதைக் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்களாம். போன வாரம்தான் கதிரேசன் அதைத் திருப்பிக் கொண்டுவந்து பழைய ஆணியிலேயே மாட்டியிருந்தான். நான் தொட்டுப் பார்த்து, பலா மரம் என்று உறுதியாகச் சொன்னேன். தேக்கு என்று தச்சர் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை விடுதிச் சமையலுக்கு இருக்கும் பரமேஸ்வரி எனக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், ஆறாம் நம்பர் லயத்தில் இருப்பவள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய அந்த ரொட்டி, பார்க்கத் தடிமனாக இருந்தாலும் சூட்டோடு தின்றால் நாலு உள்ளே போவது தெரியாது. தேங்காய்ப்பூவில் மிளகாயை இடித்துச் சேர்த்த சம்பலின் உறைப்பு மட்டும் நேராக உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் வீட்டில் இட்லிக்கு மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தருவதையே நான் வீரம் என்று நினைத்திருந்தேன்.

"ஐயாவுக்குக் கண்ணு கலங்குது. சீனி தரவா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஊர் ஞாபகம்" என்றேன்.

அவள் மறுபடியும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் அது நாலாவது தடவை. யாரை எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"ஒரு கடிதாசி வரணுங்க ஐயா. தோட்டத்துல காணி குடுக்கிறாங்க, ஏழு பேர்ச். சொந்தமா வீடு கட்டிக்க. நம்ம பேரும் லிஸ்ட்டுல இருக்கு. விசாரணைக்கு வரச்சொல்லி கடிதாசி போடுவாங்க. அன்னைக்குப் போகலன்னா பேர வெட்டிட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

ஏழு பேர்ச் என்றால் நம் கணக்கில் நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறானாம். லயத்தில் இருப்பது ஒரே ஓர் அறை. இவர்கள் நாலு பேர், கொழுந்தன் குடும்பம் மூன்று பேர். "பெரிய மக வயசுக்கு வந்துட்டா. நடுவுல என் சேலைய ஒண்ணக் கட்டி விட்டிருக்கேன். அதுதாங்க எங்களுக்குச் சுவரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையில் எடுத்த அடுத்த ரொட்டியைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "கவலைப்படாதேம்மா. தபாலில் போட்டது வந்தே தீரும். முப்பத்து நாலு வருஷ அனுபவத்தில் சொல்றேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவளும் பாவம், நம்பினாள்.

அன்று பகலில் கதிரேசனும் நானும் போர்க்களம் பார்க்கப் போனோம். இங்கே தேயிலை நட்ட ஒவ்வொரு சரிவையும் மலை என்றுதான் சொல்கிறார்கள். சண்டைமலையும் அப்படி ஒரு சரிவுதான். இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். இரண்டாம் முறை விழுந்த இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து வளைந்த இரும்பு முனை ஒன்று கையில் தட்டுப்பட்டது. துருப்பிடித்திருந்தது. ஈட்டி முனை என்று பார்த்த மாத்திரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கதிரேசனுக்கு வாயெல்லாம் பல். அதை வைப்பதற்குச் சிவப்பு வெல்வெட் வாங்கி வரச்சொல்லி கடைக்குப் போன் போட்டான்.

சாயந்தரம் பரமேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கவ்வாத்துக் கத்தி மொனைங்க ஐயா. தேயிலைச் செடிய வெட்டி விடுறதுக்கு ஆம்பளைங்க வச்சிருப்பாங்க. எங்க வீட்டுல ரெண்டு கெடக்கு."

"பழைய காலத்து ஈட்டியும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்" என்றேன். அவள் மரியாதைக்காகத் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தேன். போர் எந்த ராஜாவுடையது என்று முடிவு செய்ய முடியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, தேநீர் கொண்டுவந்த பரமேஸ்வரியே சண்டையின் கதையைச் சொன்னாள். அவளுடைய மாமனார் சொல்லி அவள் கேட்டது. ராஜாவும் இல்லை, படையும் இல்லை. அந்தக் காலத்தில் தொழிலாளர்களுக்கு ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் முதலில், ஆட்களைத் திரட்டி வந்து வேலை வாங்கும் பெரிய கங்காணி கைக்குத்தான் போகும். அவர் பிரித்துப் படித்துவிட்டு, இஷ்டப்பட்டால் கொடுப்பார், இல்லாவிட்டால் பெட்டிக்குள் பூட்டி வைப்பார். ஒருத்தியின் அப்பா ஊரில் செத்துப்போன கடிதத்தை அவர் அப்படிப் பூட்டி வைத்திருந்தது ஒருநாள் தெரிந்துவிட்டது.

"சனம் அப்படியே மலையை விட்டு எறங்கி இந்த வீட்டு வாசலுக்கு வந்துருச்சுங்க. கங்காணி ஆளுங்க கம்போட வந்தாங்க. இவங்ககிட்ட கவ்வாத்துக் கத்தி இருந்துச்சு. அந்தச் சரிவுலதான் அடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறந்தான் இந்தப் பெட்டிய வச்சாங்களாம். கதவு கூடாதுன்னு சொல்லித்தான் வச்சாங்க. தப்பால் வந்ததும் எல்லாருக்கும் தெரியிற மாதிரி லயத்து நம்பர் பார்த்து வச்சிருவாங்க. அந்தந்த லயத்துப் பக்கம் போற யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போய்க் குடுத்துருவாங்க. லயத்துல வீட்டுக்கு வீடு தப்பால் வராதுங்களே."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது ராஜா கதையைவிட எவ்வளவோ மேல். கடிதத்துக்காகக் கத்தி தூக்கிய ஊர் வேறு எங்கே இருக்கிறது? இப்போதும் இப்படித்தானா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் வரலாற்று ஆசிரியனுக்கு இப்போது நடப்பது எதற்கு? அவளை அனுப்பிவிட்டு மளமளவென்று எழுதினேன். 'இவ்வீட்டில் இனி எவரும் எவர் கடிதத்தையும் பூட்டி வைக்க முடியாது என்று உழைக்கும் மக்கள் உலகுக்கு அறிவித்தனர்' என்று முடித்தேன். எழுதியதும் கண்ணீர் வந்தது. இந்தத் தடவை சம்பல் காரணமில்லை.

கையோடு ஒரு யோசனையும் வந்தது. இப்படிப்பட்ட பெட்டியைச் சும்மா விடலாமா? தூசி படியும், வருகிறவர்கள் கையை வைப்பார்கள். முன்னால் ஒரு கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்று கதிரேசனிடம் சொன்னேன். தச்சர் அன்றே அளவெடுத்து, கண்ணாடியை ஹட்டனிலிருந்து வரவழைத்துவிட்டார்.

மாட்டுவதற்கு முன் பெட்டியைப் பார்த்தால், முந்தின நாள் வரை காலியாக இருந்த கண்ணறைகளில் ஐந்து கடிதங்கள் இருந்தன. கதிரேசன்தான் அலங்காரத்துக்காக வைத்திருக்கிறான் என்று நினைத்து அவன் ரசனையை மெச்சிக்கொண்டேன். முகவரி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அதிலும் ஒன்றிரண்டு சிங்கள எழுத்து, வாசிப்புக் கண்ணாடி இருந்தாலும் எனக்குப் புரியாது. ஒரே ஒரு குறைதான். உறைகள் ரொம்பப் புதிதாக இருந்தன.

பரமேஸ்வரியைக் கூப்பிட்டு, பால் இல்லாமல் நன்றாகச் சாயம் இறங்கிக் கடுப்பாக ஒரு குவளை டீ வேண்டும் என்றேன்.

"தேத்தண்ணி இன்னும் கடுப்பா வேணுங்களா ஐயா?" என்று இரண்டாம் முறையும் இலை போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சை அதில் முக்கி ஐந்து உறைகளுக்கும் பதமாகப் பூசி, ஜன்னலில் காயவைத்தேன். மூன்று மணி நேரத்தில் நூறு வருடம் பழசாகிவிட்டன. அவற்றைத் திரும்ப அதனதன் அறையில் சாய்வாக நிறுத்தி, கண்ணாடியை மாட்டச் சொல்லி, நாலு மூலையிலும் திருகாணி இறுக்கவைத்தேன். எட்ட நின்று பார்த்தபோது என் வேலையில் எனக்கே பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் திறப்பு விழா. வராந்தாவில் வாழைமரம், ரிப்பன், பிளாஸ்டிக் நாற்காலிகள். தோட்டத்திலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். ரிப்பன் வெட்டும் பிரமுகர் வர நேரமாகும் என்பதால், அதுவரை அத்தான் வரலாறு பேசட்டும் என்று கதிரேசன் ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரமேஸ்வரியைக் கவனித்தேன். கையில் தட்டோடு, முகம் வெளுத்துப்போய் ஓர் ஓரமாக நின்றாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி, காணி விசாரணை இன்றைக்குத்தான், பன்னிரண்டு மணி வரைக்கும்தான், தங்கள் ஆட்களெல்லாம் காலையிலேயே ஹட்டனுக்குப் போய்விட்டார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் என் பேச்சு அவளை உருக்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"கடிதத்தைப் பூட்டியவர்களின் கதை இந்தச் சரிவிலே முடிந்தது!" என்று கை நீட்டினேன். கைதட்டல். "இதோ, இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் காண்பது, அந்தக் காலத்து மக்களின் கைக்குப் போய்ச் சேராத கடிதங்கள்..."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பொகவந்தலாவைத் தபால் நிலையத்திலிருந்து தினமும் தோட்டத்துப் பையைக் கொண்டுவரும் முனியாண்டி. பெட்டி பழைய இடத்துக்கு வந்துவிட்டதால், அவரும் முந்தின நாளிலிருந்து பழையபடி இங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார். பரமேஸ்வரியோ தப்பால் இன்னும் பெரட்டுக் களத்துக்கே போகிறது என்று நினைத்து, அங்கிருந்து வரும் ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஐயா, அது நான் நேத்துக் காலையில வச்ச தப்பாலுங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய தண்டனை. முனியாண்டி பரமேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "ஒனக்குங்கூட ஒண்ணு வச்சேனே, காணி ஆபீஸ் கவரு. ஒங்க லயத்து ஆளு யாரும் எடுத்துத் தரலையா?"

தட்டு கீழே விழுந்த சத்தம் ஒலிபெருக்கியிலும் கேட்டது. அவள் ஓடிவந்து கண்ணாடியில் கையை வைத்து ஆறாம் நம்பர் அறையைப் பார்த்தாள். அவள் சிங்களம் நன்றாகவே படிப்பாள். "என் பேருதான்... இன்னைக்குத் தேதி போட்டிருக்கா பாருங்க, உள்ள இருக்கிறத எடுங்க" என்று என்னிடம் சொன்னாள். அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. 

தச்சர் திருப்புளியோடு ஊருக்குப் போய்விட்டார். உடைக்கலாம் என்றார் முனியாண்டி. "ஐயோ, கண்ணாடி அத்தான், பிரமுகர் வர்ற நேரம்" என்றான் கதிரேசன். பரமேஸ்வரி யாரையும் பார்க்கவில்லை. வெல்வெட்டில் வைத்திருந்த என் ஈட்டி முனையை எடுத்துத் திருகாணியின் பிளவில் வைத்துத் திருகினாள். நாலையும் கழற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவளுடைய உறைக்குள் இருந்த விசாரணைத் தேதி அன்றைக்குத்தான். மற்ற நாலு கடிதங்களும் வந்திருந்தவர்களின் கைகளுக்குப் போயின. அதில் ஒன்று கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தம் அன்று காலை ஒன்பது மணிக்கு முடிந்திருந்தது. வாங்கியவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மணி பத்தே முக்கால். கதிரேசனின் வேன் பிரமுகரை அழைத்துவரப் போயிருந்தது. பரமேஸ்வரி லயத்துக்கு ஓடிப்போய் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். நான் ஓர் ஆட்டோவைப் பிடித்து முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க எதுக்குங்க ஐயா? நான் போய்க்கிறேன்."

"நான் வராமல் இருக்க முடியாதம்மா" என்றேன்.

மலைப்பாதையில் ஆட்டோ பஸ்ஸைவிட மோசம். பாதி வழியில் ஒரு வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரியும் பஸ்ஸும் எதிரெதிரே வந்து, ஒன்று பின்வாங்க இடமில்லாமல் நின்றன. இரு தரப்பும் இறங்கிச் சிங்களத்தில் நியாயம் பேசினார்கள். அர்த்தம் கேட்டேன். "'நான் முந்தி வந்தேன்'னு அவரு சொல்றாரு. 'நான் பெரிய வண்டி'ன்னு இவரு சொல்றாரு" என்றாள் பரமேஸ்வரி. இருபத்தைந்து நிமிடம் போயிற்று. அவள் பிளாஸ்டிக் பையின் வாயை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அலுவலகத்தில் ஏறியபோது பன்னிரண்டு இருபது. விசாரித்த அதிகாரி ஒரு நடுத்தர வயதுச் சிங்களப் பெண்மணி. பட்டியலை மூடிவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி கடிதத்தை உறையோடு நீட்டினாள். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கோபமாக ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"இந்தக் கடிதாசி கையில கெடைச்சு ரொம்ப நாளாயிருக்கும் போல, அடுப்படியில போட்டு வச்சிருந்துட்டு இப்ப வந்து நிக்கிறியான்னு கேக்குறாங்க" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நான் என்னங்க ஐயா சொல்றது?"

தாமதத்தைக்கூட லாரியின் மேல் போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பழுப்பு நிறம் என் கைவேலை. அவள் காய்ச்சிக் கொடுத்த டீயில், அவள் கடிதத்தை, அவள் பொறுப்பில்லாதவள் என்று காட்டுகிற மாதிரி நான்தான் பூசியிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கையைத் தூக்கினேன்.

என் ஆங்கிலமும் அவருடைய கொஞ்சம் தமிழும் பரமேஸ்வரியின் சிங்களமுமாகச் சேர்ந்து நடந்ததைச் சொல்லி முடித்தோம். அதிகாரி முதலில் நம்பவில்லை. உறையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்.

"தபால் துறை" என்றேன். என் வாழ்நாளில் அந்தப் பதிலை அவ்வளவு மெதுவாகச் சொன்னது கிடையாது.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எழுத்தில் வேண்டும், மூடிய பட்டியலைக் காரணமில்லாமல் திறக்க முடியாது என்றார். பக்கத்து மேசைக்காரர் தன் வாசிப்புக் கண்ணாடியை இரவல் கொடுத்தார். எழுதினேன். இன்ன தேதியில் இன்னாருக்கு வந்த கடிதத்தை, தபால் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்த நான், அது அலங்காரப் பொருள் என்று எண்ணி எடுத்து, தேநீர் பூசி, கண்ணாடிக்குள் பூட்டி வைத்தேன், கடிதத்துக்கு உரியவருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை. நாலே வரி. அந்தப் பயணத்தில் நான் எழுதியவற்றில் ஒருவருக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

அதிகாரி அதைப் பரமேஸ்வரியை வாசித்துச் சொல்லச் சொன்னார். அவள் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னாள். தேநீர் இடம் வந்தபோது அதிகாரியால் அடக்க முடியவில்லை, சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடிவிட்டுச் சிரித்தார். பரமேஸ்வரியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பட்டியல் திறக்கப்பட்டது. அறையில் எத்தனை பேர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், புருஷன் எங்கே என்று முக்கால் மணி நேரம் விசாரணை நடந்தது. முகவரி கேட்டபோது தோட்டத்தின் பெயர், பிரிவு, ஆறாம் நம்பர் லயம், ஒன்பதாம் காம்பரா, அதாவது ஒன்பதாம் அறை என்று ஒப்பித்தாள். கடைசியில் அதிகாரி கோப்பைக் கட்டினார். பெயரை வெட்டவில்லை, ஆனால் இதுபோலத் தாமதமானதை மேலே அனுப்பித்தான் முடிவு செய்வார்களாம்.

"முடிவ எப்பச் சொல்வாங்களாம்?" என்று கேட்டேன்.

"கடிதாசியில அனுப்புவாங்களாம்" என்றாள் பரமேஸ்வரி.

தப்பால் வீட்டுக்குத் திரும்பியபோது பிரமுகர் வந்து ரிப்பனை வெட்டிவிட்டுப் போயிருந்தார். பெட்டிக்குக் கதவும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், முனியாண்டி வழக்கம்போல வைக்கட்டும் என்று கதிரேசனிடம் சொன்னேன். "அத்தான், விருந்தாளிங்க வர்ற வராந்தா இது" என்றான். நான் குரலை உயர்த்தினேன், அவனும் உயர்த்தினான், சாப்பிடாமல் படுக்கப்போனோம். காலையில் பார்த்தால் கண்ணாடி சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. மறுபடி மாட்டாமல் கதிரேசன்தான் அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான். பலகைக்கு மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அது நியாயம்தான்.

ஊருக்கு வந்து இருபத்திரண்டு நாளாகிறது. தினமும் காலையில் முனியாண்டி பையைக் கொண்டுவரும் நேரத்துக்குத் தப்பால் வீட்டுச் சமையலறைக்குப் போன் செய்கிறேன். இன்றும் செய்தேன்.

"வந்துச்சாம்மா?"

"இன்னும் இல்லீங்க ஐயா. நாளைக்குப் பாருங்க" என்றாள் பரமேஸ்வரி.

கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து, கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்பவர்களின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இதே பதிலை நான் ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய் அந்த ராத்திரியை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.